உட்கார்ந்த குற்றம்

எங்கள் டிராம் கம்பெனியின் ஒழுக்கத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது. எங்கள் சிலி நாட்டுத் துறைமுக ஊரான வால்பரைசோவில் ஓடும் டிராம்களுக்கு மாடி உண்டு. மாடிக்குப் போகும் படி வண்டியின் பின்பக்கம் வளைந்து ஏறும். டிக்கெட் போடுவது பெண்களாகிய நாங்கள் என்பதால் நாள் முழுக்க அந்தப் படியில் ஏறி இறங்குவதும் நாங்கள்தான். கடல் காற்று பாவாடையைத் தூக்கும்போது கீழே நிற்கும் ஆண்களின் கண்ணில் எங்கள் கணுக்கால் பட்டுவிடுகிறது என்று ஒரு பாதிரியார் பிரசங்கத்தில் வருத்தப்பட்டார். அடுத்த வாரமே எல்லா வண்டியிலும் படிக்கு நீலச் சாயம் பூசிய பலகை அடித்து மறைத்துவிட்டார்கள். கணுக்காலுக்குக் கேட்காமலே பலகை கிடைத்தது. கால் வலிக்கு உட்கார ஒரு பலகை கேட்டோம். ஊரே நின்றுபோனது.

கண்டக்டர் உட்காரக் கூடாது என்பது கம்பெனி விதி. காலையில் டிப்போவை விட்டுக் கிளம்பினால் இரவு திரும்பும்வரை நிற்க வேண்டும். வண்டி காலியாக ஓடினாலும் நிற்க வேண்டும். உட்கார்ந்த பெண்ணைப் பார்த்தால் பயணிகளுக்கு மரியாதை குறைந்ததுபோல் தோன்றுமாம். இதைச் சொன்ன மேனேஜர் துரை எப்போதும் நாற்காலியில் இருந்தபடியேதான் பேசுவார். அவருக்கு முழங்கால் உண்டா என்றே எங்களில் பல பேருக்குச் சந்தேகம்.

என் தோழி ரோசால்பாவுக்குக் காலில் நரம்பு சுருண்டு கயிறு கயிறாகப் புடைத்திருக்கும். அவள் புருஷன் கப்பலில் போனவன், கப்பலும் வரவில்லை, அவனும் வரவில்லை. கொர்தியேரா மேட்டில் ஒரு அறை, ஒரு சின்ன மகள், எங்கள் நீலச் சீருடை. இவ்வளவுதான் அவள் சொத்து. ஒரு மழை நாள் மத்தியானம் ஊர்க்கோடியிலுள்ள பாரோன் பக்கத்திலிருந்து வண்டி காலியாக வந்துகொண்டிருந்தது. ரோசால்பா பயணிகள் பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். அடுத்த நிறுத்தத்தில் இன்ஸ்பெக்டர் ஏறினான். சாயங்காலம் அவள் காசு வாங்கிப் போடும் தோல்பையையும் தொப்பியையும் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திருடியிருந்தால் ஒரு எச்சரிக்கையாவது கொடுத்திருப்பார்கள்.

தலைநகர் சாந்தியாகோவில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்காரி தேவை என்று யாரோ சொன்னார்கள். சோறும் படுக்கையும் உண்டு, குழந்தை மட்டும் கூடாது. மகளைக் கன்னியாஸ்திரீகளின் அநாதை விடுதியில் விட்டுவிட்டு, மாத முடிவுக்குள் வந்து சேர வேண்டும் என்றார்கள்.

"தாய் உசுரோட இருக்கறப்ப பொண்ணு அநாதையாம்டி. கேட்டியா இந்தக் கூத்தை?" என்றாள் ரோசால்பா. அழவில்லை.

உட்கார ஒரு பலகையும் ரோசால்பாவுக்கு வேலையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்வோம் என்று நாங்கள் டிரைவர்களிடம் போனோம். டிரைவர்கள் எல்லோரும் ஆண்கள். அவர்களுக்குத் தலைவர் எவாரிஸ்தோ, எங்கள் ஊர் மரியாதைப்படி தோன் எவாரிஸ்தோ. முறுக்கிய மீசை, கழுத்தில் சிவப்புத் துணி, வாயைத் திறந்தால் மனித குலம். என் வண்டியின் டிரைவரும் அவர்தான், ஆகவே மனித குலத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

"ஒரு பலகைக்காகவா ஸ்டிரைக்கு? உலகம் சிரிக்கும், பொண்ணுங்களா," என்றார்.

"உலகம் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகுது. வண்டி முன்னாடி உங்களுக்கு உக்கார ஸ்டூல் இருக்கு, தோன் எவாரிஸ்தோ. அதுல உக்காந்துக்கிட்டுப் பேசாதீங்க," என்றேன்.

அவர் மீசையைத் தடவினார். இந்தச் சந்தடியில் டிரைவர்களுக்குச் சம்பள உயர்வும் கேட்டால் என்ன என்று அவருக்கு அப்போதுதான் உதித்தது. பிறகு பார்க்க வேண்டுமே! எங்கள் பலகைக்கு முன்னால் ஆண்களின் கோரிக்கைகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. சம்பளம், கம்பளிக் கோட்டு, குளிருக்குக் கையுறை. கடைசியில் பலகையும் ரோசால்பாவும். "கடைசியாச் சொல்றதுதான் மனசுல நிக்கும்," என்று சமாதானமும் சொன்னார்.

வேலைநிறுத்தம் தொடங்கியது. சுங்கச் சாவடியிலிருந்து பாரோன்வரை தண்டவாளம் மழையில் சும்மா பளபளத்துக்கொண்டு கிடந்தது. ஆனால் கம்பெனியும் லேசுப்பட்டதல்ல. துரை கிளப்புக்குப் போய் ஒரு கோப்பை பிராந்தியோடு அழுதார். ஊரின் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் நகரத்தைக் காப்பாற்றக் கிளம்பினார்கள். வங்கிக்காரர் மகன், வெடியுப்புச் சுரங்கக்காரர் மருமகன், இன்னும் பிறந்ததிலிருந்து தன் பூட்ஸைத் தானே கழற்றியறியாத பலர். கம்பெனி குமாஸ்தாக்கள் வண்டி ஓட்ட, இவர்கள் கண்டக்டர்கள். வெள்ளைக் கையுறையோடு டிப்போ வாசலில் படம்கூட எடுத்துக்கொண்டார்கள். முதல் வண்டி நிறுத்தங்களையெல்லாம் தாண்டிக்கொண்டு மீன் சந்தைவரை போய்த்தான் நின்றது. தண்டவாளம் சரியில்லை என்றார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இருந்தாலும் வண்டிகள் ஓடின. அதுதான் எங்களுக்கு அடி. இரண்டாம் நாள் சதுக்கத்தின் ஓரத்தில், எம்பனாதா என்ற கறிப் பணியாரம் விற்பவளின் குடைக்குள் நானும் ரோசால்பாவும் ஒண்டிக்கொண்டு நின்றோம். மாத முடிவு நெருங்கிக்கொண்டிருந்தது.

"விடுடி. நான் சாந்தியாகோவுக்கே போறேன்," என்றாள் அவள்.

"வாயை மூடு," என்றேன்.

அப்போது எதிரே வண்டி வந்து நின்றது. அதில் கண்டக்டராக இருந்தவர் தோன் லாதிஸ்லாவோ. வங்கிக்காரரின் இளைய மகன். நல்ல பிள்ளை, நாயைக்கூட 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுவார் போலிருக்கும். மூன்று சீமாட்டிகள் ஏறினார்கள். அவர் தொப்பியை எடுத்தார், குனிந்தார், நலம் கேட்டார், தோல்பைப் பக்கம் கையே போகவில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. டிராமில் தெரிந்த பெண் ஏறினால், உள்ளே இருக்கும் ஆண்பிள்ளை அவளுக்கும் சேர்த்துச் சத்தமில்லாமல் பணம் கொடுத்துவிட வேண்டும். நாங்கள் போய் "பணம் கொடுத்தாச்சு, அம்மணி" என்று மட்டும் சொல்வோம். யார் என்று சொல்ல மாட்டோம். அவள் கண்ணால் தேடிக் கண்டுபிடித்து லேசாகத் தலையசைப்பாள். இந்த ஊரில் எத்தனை காதல் எங்கள் வாய் வழியாகப் போயிருக்கிறது, எத்தனை கல்யாணம் நின்றிருக்கிறது என்று நாங்கள் சொல்ல ஆரம்பித்தால் பாதிப் பேர் ஊரைக் காலி செய்ய வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், ஒரு கனவான் ஒரு சீமாட்டியிடம் கையை நீட்டிக் காசு கேட்பதாவது! அதைவிட அவர் கடலில் குதிப்பார்.

நான் ரோசால்பாவின் கையைப் பிடித்தேன்.

"ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போடற முக்காடு இருக்கா உன்கிட்ட?"

"இருக்கு. ஏன், யாரு செத்தா?"

"கம்பெனி."

எங்கள் ஊர்ப் பெண்கள் கோயிலுக்குப் போகும்போது தலையிலிருந்து இடுப்புவரை கறுப்பு முக்காடு போடுவார்கள். சீமாட்டியும் அதைத்தான் போடுவாள், துணி வெளுப்பவளும் அதைத்தான் போடுவாள். கண்ணும் மூக்கும்தான் வெளியே தெரியும். மூக்கை வைத்து வம்சம் சொல்ல யாராலும் முடியாது. கடவுளின் முன்னால் எல்லோரும் சமம் என்பதற்கு எங்கள் ஊரில் இருந்த ஒரே அத்தாட்சி அந்தத் துணிதான்.

ஒரு மணி நேரத்தில் நாங்கள் இருவரும் முக்காட்டோடு தோன் லாதிஸ்லாவோவின் வண்டியில் ஏறினோம். அவர் தொப்பியை எடுத்தார். ரோசால்பா உள்ளே போய், எந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததற்கு வேலை போனதோ அதே ஓரத்தில், அதே இடத்தில் உட்கார்ந்தாள். கையை மடியில் கோத்துக்கொண்டாள்.

தோன் லாதிஸ்லாவோ அருகில் வந்தார். தொண்டையைக் கனைத்தார். காது சிவந்தது.

"அம்மணி... அது வந்து... சௌகரியமா உக்காந்திருக்கீங்களா?"

"ரொம்ப சௌகரியம்," என்றாள் ரோசால்பா, சீமாட்டிகள் மாதிரி மூக்கால்.

"கட்டணம்... பரவாயில்ல. யாராவது குடுத்திருப்பாங்க."

ஜன்னல் பக்கம் திரும்பி நான் முக்காட்டைக் கடித்துக்கொண்டேன்.

அன்று மாலைக்குள் செய்தி நாங்கள் குடியிருக்கும் மேடுகளுக்கெல்லாம் ஏறிவிட்டது. மறுநாள் காலை வால்பரைசோவில் இருந்த அத்தனை கறுப்பு முக்காடும் டிராம் ஏறின. துணி வெளுப்பவர்கள் மூட்டையோடு வந்தார்கள். மீன்காரிகள் கூடையை முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு ஏறினார்கள். சீமாட்டிகளிடம் இவ்வளவு மீன் நாற்றமா என்று கனவான்களுக்குத் தோன்றாமல் இருந்திருக்காது; கேட்க நாகரிகம் இடம் கொடுக்கவில்லை. ஒவ்வொருத்திக்கும் தொப்பியைத் தூக்கித் தூக்கி அவர்களுக்குத் தோள் வலி கண்டது. ஆண் பயணிகளும் சும்மா இல்லை. கண்டக்டர் யாருக்கோ சித்தப்பா மகன், யாருக்கோ கிளப் நண்பன். நண்பனிடம் யாராவது சில்லறை வாங்குவார்களா? வண்டிகள் நிரம்பி வழிந்தன. பைகள் மட்டும் காலியாகத் திரும்பின.

துரைக்கு விஷயம் புரிய இரண்டு நாள் ஆயிற்று. முக்காடு போட்ட எவளாக இருந்தாலும் முகத்தைப் பார்த்துக் காசு வாங்கு என்று உத்தரவு போட்டார். கனவான்கள் தயங்கினார்கள். தோன் லாதிஸ்லாவோதான், பாவம், கடமை தவறாத பிள்ளை. மறுநாள் முதல் வண்டியில், பெஞ்சு முழுக்கப் பரவி உட்கார்ந்திருந்த ஒரு பருத்த முக்காட்டின் முன்னால் போய் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார்.

"போதும் உங்க வேஷம். முக்காட்டை வெலக்குங்க. டிக்கெட்டுக்குக் காசு எடுங்க."

முக்காடு விலகியது. உள்ளே இருந்தது தோன்யா பெர்பேத்துவா. தோன் லாதிஸ்லாவோ கல்யாணம் செய்துகொள்ளவிருந்த பெண்ணின் தாயார். காலைப் பூசைக்குப் போய்க்கொண்டிருந்த நிஜச் சீமாட்டி.

அவள் குடையால் ஒரே ஒரு அடி, அவர் தலையில். பிறகு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே கோயிலுக்குப் போனாள். கல்யாண நிச்சயம் அன்றே முறிந்தது. மாலைக்குள் அத்தனை கனவான்களும் தோல்பையைக் கழற்றி வைத்துவிட்டார்கள். நகரத்தைக் காப்பாற்றலாம், மாமியாரிடமிருந்து யார் காப்பாற்றுவது?

துரை பேச்சுவார்த்தைக்கு ஆள் அனுப்பினார். பேச யார் போனது? தோன் எவாரிஸ்தோ. படைக்குப் பிந்தியவர் பந்திக்கு முந்திக்கொண்டார். பெண்கள் யாராவது கூட வரட்டுமா என்று கேட்டேன். "அது சுருட்டுப் புகை நிறைஞ்ச இடம், உங்களுக்கு இருமல் வரும்," என்றார்.

இரவு சங்கத்து அறைக்குத் திரும்பி வந்தார். மீசையில் நல்ல ஒயின் வாசனை. மேஜைமேல் ஏறி நின்றார்.

"தோழர்களே, வெற்றி! சம்பளம் ஏறுது! கோட்டு வருது! கையுறை வருது!"

ஆண்கள் தொப்பியை வீசினார்கள். நாங்கள் காத்திருந்தோம்.

"பலகை?" என்றேன்.

"அடுத்த வருஷம் கட்டாயம் யோசிக்கறேன்னு துரை வாக்குக் குடுத்திருக்கார்."

"ரோசால்பா?"

மேஜைமேலிருந்து அவர் குரலைத் தழைத்துக்கொண்டார். "என்ன பண்றது, பொண்ணே. வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ஒருத்திக்காக ஊர் டிராமெல்லாம் நிக்குமா, நீயே சொல்லு?" உடனே குரலை உயர்த்தினார். "நம்ம பெண்கள் இந்த இயக்கத்தோட மலர்கள்! அவங்களுக்கு ஒரு கைதட்டு!"

கைதட்டினார்கள். மனமாரத் தட்டினார்கள். என் ஆயுளில் அவ்வளவு கேவலமான சத்தம் கேட்டதில்லை.

ரோசால்பா என் பக்கம் திரும்பினாள். "நாளைக்குக் காலையில ரயிலு. போற வழியில பொண்ணைக் கன்னியாஸ்திரீங்ககிட்ட விடணும்," என்றாள். முக்காட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மற்றப் பெண்கள் போகவில்லை. ஆண்கள் குடித்துப் பாடிக்கொண்டிருந்த அந்த அறையின் மூலையில் நாங்கள் கொஞ்ச நேரம் தலையோடு தலை வைத்துப் பேசினோம். மலர்கள் பேசுவதை யார் கவனிக்கிறார்கள்?

காலையில் எல்லோரும் வேலைக்கு வந்தோம். நீலச் சீருடைமேல் வெள்ளை ஏப்ரன் கஞ்சி போட்டு மொடமொடவென்று இருந்தது. வண்டிகள் டிப்போவை விட்டு ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவுக்கு வந்தன. சதுக்கத்தில் முதல் நிறுத்தம். பயணிகள் ஏறினார்கள். தோன் எவாரிஸ்தோ, அதற்குள் வந்து சேர்ந்துவிட்ட புதுக் கையுறையோடு, கைப்பிடியைப் பிடித்துக் காத்திருந்தார்.

எங்கள் கம்பெனியில் இன்னொரு விதியும் உண்டு. கண்டக்டர் மணிக்கயிற்றை இரண்டு தடவை இழுத்தால்தான் டிரைவர் வண்டியை எடுக்கலாம். ஒரு தடவை இழுத்தால் நிறுத்தியாக வேண்டும். முன்பு ஒரு நீதிபதி ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தெருவிலும் வைத்திருந்தபோது எவனோ வண்டியை எடுத்துவிட்டான். அன்றிலிருந்து மணி இல்லாமல் ஒரு அடி நகர்த்தினாலும் டிரைவருக்கு வேலை போய்விடும்.

"குளோரிந்தா! மணி!" என்றார்.

நான் பயணிகள் பெஞ்சில், ஜன்னலோரம், உட்கார்ந்திருந்தேன்.

"கால் வலிக்குது, தோன் எவாரிஸ்தோ."

"வெளையாடாதே. பின்னாடி வண்டி நிக்குது."

"பின்னாடி வண்டியிலயும் ஒருத்தி உக்காந்திருக்கா. அதுக்குப் பின்னாடியும்தான். எட்டிப் பாருங்க."

எட்டிப் பார்த்தார். தெரு நெடுக டிராம்கள் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு வெள்ளை ஏப்ரன் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. இன்ஸ்பெக்டர் ஓடி வந்து தானே கயிற்றை இரண்டு தடவை இழுத்தான். வண்டி ஒரு முழம் நகர்ந்தது. நான் உட்கார்ந்தபடியே கையை நீட்டி ஒரு தடவை இழுத்தேன். நின்றது. அவன் இரண்டு, நான் ஒன்று. அவன் இரண்டு, நான் ஒன்று. பயணிகளுக்கு வயிறு குலுங்கியது. அவன் அடுத்த வண்டிக்கு ஓடினான். அங்கேயும் ஒரு கை இருந்தது.

பயணிகள் கத்த ஆரம்பித்தார்கள். எங்களை நோக்கியல்ல, முன்னால் கைப்பிடியோடு நின்றவரை நோக்கி. "ஏய் மீசை! வண்டியை எடுப்பியா மாட்டியா?"

அந்த நேரம் பார்த்து, தலையில் மூட்டையும் கையில் மகளுமாக ரோசால்பா தெருவோரமாக நடந்து வந்தாள். நின்றுபோன வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து என் ஜன்னலருகில் நின்றாள்.

"என்னடி நடக்குது இங்க?"

"ஒருத்திக்காக ஊர் டிராமெல்லாம் நிக்குமான்னு தோன் எவாரிஸ்தோ கேட்டாரில்ல? பதில் சொல்லிட்டிருக்கோம். மழையில நிக்காதே, ஏறு."

அவள் ஏறினாள். மகளை நடுவில் உட்கார வைத்துக்கொண்டோம். ரோசால்பா அப்போதுதான் அழுதாள். முக்காடு இல்லாததால் ஊரே பார்த்தது. அவள் கவலைப்படவில்லை.

தோன் எவாரிஸ்தோ கடைசியில் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார். அலுவலகத்துக்கு நடந்தே போனார். டிராம் ஓடவில்லையே, வேறு எப்படிப் போவது? உள்ளே என்ன பேசினாரோ, மத்தியானம் முகம் தொங்கித் திரும்பி வந்தார். மனித குலம் என்ற சொல்லே அன்று அவர் வாயில் வரவில்லை.

"பலகை உண்டு. அவளுக்கு வேலையும் உண்டு. இப்பவாவது மணி அடிப்பியா, தாயே?"

"அடிக்கவேண்டியது நானில்ல," என்று கயிற்றை ரோசால்பாவின் கையில் கொடுத்தேன்.

பலகை வந்தது. பின்பக்க மேடையில், சுவரோடு மடக்கி வைக்கும் ஒரு துண்டுக் கட்டை. யாருடைய இடுப்பை அளவெடுத்துத் தச்சன் செய்தானோ, உடம்பில் பாதியை வைத்தால் மீதி வெளியே நிற்கும். ஆனாலும் பலகை பலகைதான். வருஷா வருஷம் சங்கத்து விழாவில் தோன் எவாரிஸ்தோ மேஜைமேல் ஏறி, "நாங்க போராடி வாங்கிக் குடுத்த பலகை" என்று முழங்குகிறார். நாங்கள் உட்கார்ந்துகொண்டே கேட்கிறோம்.

அடுத்த வசந்தத்தில் ஒரு நாள். எனக்கு ஓய்வு, ஆகவே சீருடை இல்லை. சீருடை இல்லாத நாளில் எங்களுக்கும் கட்டணம் உண்டு, கம்பெனியின் பாசம் அப்படி. ரோசால்பாவின் வண்டியில் ஏறி உள்ளே உட்கார்ந்தேன். முன்னால் கைப்பிடியில் தோன் எவாரிஸ்தோ. என்னைப் பார்த்ததும் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் பின்னாலேயே தோன் லாதிஸ்லாவோ ஏறினார். தலை ஆறியிருந்தது. ரோசால்பாவை அடையாளம் தெரியவில்லை என்றாலும் ஏப்ரனைப் பார்த்ததும் தொப்பியைத் தொட்டுச் சிரித்தார்.

"நானும் இந்தத் தொழில் பார்த்தவன்தான், தெரியுமா? நாம ஒரே ஜாதி," என்று சொல்லிவிட்டு உள்ளே போகப் பார்த்தார்.

ரோசால்பா பலகையிலிருந்து எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே உள்ளங்கையை அவர் மார்புக்கு நேராக நீட்டினாள்.

"டிக்கெட்டு, ஐயா."

முன்னாலிருந்து தோன் எவாரிஸ்தோ கத்தினார். "ரோசால்பா! மணி!"

"இருங்க, தோன் எவாரிஸ்தோ. கனவான் ஒருத்தர் பையைத் தேடறார்."

தோன் லாதிஸ்லாவோவின் காது பழையபடி சிவந்தது. சில்லறையை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் கையை மூடவில்லை.

"உள்ள ஒரு அம்மணி உக்காந்திருக்காங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்கதான். உங்க வண்டியில அன்னிக்கு என்னோட முக்காடு போட்டு ஓசியா வந்திருக்காங்க, மூக்கை வெச்சு அடையாளம் தெரியலியா?"

தோன் லாதிஸ்லாவோ என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். மழை, முக்காடு, மீன் நாற்றம், குடை எல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போயின. ஆனால் வளர்ப்பு வளர்ப்புதான். இன்னொரு நாணயத்தையும் எடுத்து வைத்தார்.

ரோசால்பா கையை மூடினாள். உட்கார்ந்தபடியே, ஊருக்கே கேட்கும்படி எனக்குச் சொன்னாள்:

"பணம் கொடுத்தாச்சு, அம்மணி!"

நான் அவர் பக்கம் லேசாகத் தலையசைத்தேன். அவள் கயிற்றை இரண்டு தடவை இழுத்தாள். வண்டி கிளம்பியது.